அப்பா யாருக்கும் இரவல் தராத படகு

ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை நானும் அப்பாவும், ஏரியில் சறுக்குபவர்களைக் கயிற்றில் இழுக்கும் ஒரு பழைய ஸ்கி படகைப் பார்க்கப் போனோம். நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. செவ்வாய்க்கிழமை அவர் இறந்துவிட்டார்.

படகு எங்களுக்கு இல்லை, கார்லாவுக்கு. கார்லா எங்கள் ஊர்ப் பள்ளியில் நான்காம் வகுப்பு ஆசிரியை. அவளுடைய இரண்டு பெண்களும் ஏரிச் சறுக்கு அணியில் இருக்கிறார்கள். அணியின் படகுகள் பெரியவர்களின் ஒத்திகைக்கே போதவில்லை. இந்தக் கோடைக்குள் சொந்தமாக ஒன்று கிடைக்காவிட்டால் பெண்களை அணியில் வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பழைய ஸ்கி படகு வாங்குகிற யாரும் அப்பாவைக் கேட்காமல் வாங்குவதில்லை. அப்பாவின் பெயர் வெர்லின் ஓஸ்ட்பி. பள்ளிப் பேருந்து ஷெட்டில் முப்பத்தொரு வருடம் மெக்கானிக். படகு பார்ப்பது சனிக்கிழமை வேலை. அதற்குக் கூலி என்று எதுவும் வாங்கியதில்லை, ஒரு காபியைத் தவிர.

விற்பவர் பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார். அப்பா ஒன்பதுக்கே அவர் வாசலில் வண்டியை நிறுத்தினார். எப்போதும் அப்படித்தான்.

"பத்துன்னுதானே சொன்னேன்?" விற்கிறவர் செருப்போடு ஓடி வந்தார்.

"ரோட்ல ரெண்டு மானைத் தவிர யாருமில்ல தம்பி. சீக்கிரம் வந்துட்டோம்."

அப்பா படகில் ஏறி, நடுவில் இருந்த எஞ்சின் மூடியைத் தூக்கினார். உள்ளங்கையை எஞ்சின்மேல் வைத்தார். எடுக்கவில்லை.

"சுடுதே."

"இப்பதான் ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன்."

"யாருக்காக? நாங்க வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்துச்சே."

பழைய எஞ்சின் குளிர்ந்து கிடக்கும்போது எப்படி எழுந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம் தெரியும். சூடாக்கி வைத்துவிட்டால் எந்தக் கிழடும் முதல் திருப்பிலேயே பாடும். அப்பா டார்ச்சை எஞ்சினின் பக்கவாட்டில் அடித்தார்.

"மத்த இடமெல்லாம் துரு. இந்த ஓரத்துக்கு மட்டும் புதுச் சட்டை போட்டிருக்கீங்களே."

"சும்மா, அழகுக்கு."

"அழகா, பனியா?"

எங்கள் குளிர்காலத்துக்கு முன்பு எஞ்சினுக்குள் இருக்கும் தண்ணீரை வடிக்க மறந்தால், அது உறைந்து இரும்பைப் பிளந்துவிடும். பிளந்ததை ஒட்டிப் பெயின்ட் அடித்து விற்பவர்கள் ஒவ்வொரு வசந்தத்திலும் இரண்டு பேராவது வருவார்கள்.

அப்பா அதோடு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. தரையில் மண்டியிட்டார். குளிர்பானப் பெட்டியை வைக்க ஒரு தகட்டைத் தரையில் முடுக்கியிருந்தார்கள்.

"இது கம்பெனி வெச்சதில்லையே?"

"நான்தான் வெச்சேன். ஆறு ஸ்க்ரூ. அசையாது."

"ஸ்க்ரூவுக்குப் பசை போட்டீங்களா?"

"பசையா? எதுக்கு?"

அப்பா ஒருமுறை என் பக்கம் பார்த்தார். பிறகு திருப்புளியைத் திருப்பிப் பிடித்து, அதன் கைப்பிடியால் தரையைத் தட்டிக்கொண்டே போனார். டக், டக், டக். தகட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் தொப். இன்னொரு தொப். ஈரத் துணியைத் தட்டுவதுபோல.

இந்தப் பழைய படகுகளின் வயிற்றில் முன்னிருந்து பின்வரை இரண்டு மரச்சட்டங்கள் ஓடுகின்றன. ஃபைபர் போர்த்தியிருக்கும், வெளியே தெரியாது. எஞ்சின் உட்கார்ந்திருப்பதே அவற்றின் மேல்தான். பசை போடாத ஒரு துளை போதும், மரம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிடும். பத்து வருடம் எதுவும் தெரியாது. பிறகு ஒரு நாள் முழு வேகத்தில், இழுகயிற்றின் முனையில் ஆள் இருக்கும்போது, எஞ்சின் தன் இடத்தைவிட்டு நகரும்.

"படகு நல்லாருக்கு தம்பி," என்றார் அப்பா இறங்கிக்கொண்டே. "ஏரிக்கு மட்டும் எடுத்துட்டுப் போகாதீங்க."

திரும்பும் வழியில் பெட்ரோல் பங்கில் புதுப் பாலாடைக்கட்டித் துண்டுகள் ஒரு பை வாங்கினோம். அன்று செய்தது, பல்லில் கீச்சிட்டது. கார்லாவுக்கு நான்தான் போன் போட்டு, அப்பா காதில் வைத்தேன்.

"இதுவும் வேண்டாமா? இது நாலாவது, வெர்லின்!"

"அஞ்சாவது ஒண்ணு இருக்கு."

"எங்க?"

"ஜூன்ல நான் ரிடையர் ஆகறேன்ல. அப்புறம் சொல்றேன். அதுவரைக்கும் எதையும் வாங்கித் தொலைக்காத."

போனை வாங்கிக்கொண்டு கேட்டேன். "எங்க இருக்குப்பா அஞ்சாவது?"

"எல்லாத்தையும் உங்கிட்ட சொல்லணுமா இன்ஜினியரம்மா? பையைக் குடு. நீயே காலி பண்ணிடுவ போலருக்கு."

செவ்வாய் காலை பேருந்துகள் கிளம்பிப் போன பிறகு ஷெட்டில் காபியோடு உட்கார்ந்தவர் எழவில்லை. இதயம். அறுபத்து நான்கு வயது. அம்மா போன் செய்தபோது நான் மாடிசன் நகரில் ஒரு பாலத்தின் கீழே நின்றிருந்தேன். பாலங்களைச் சோதிப்பது என் தொழில். கான்கிரீட்டைச் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்பேன். கையில் சுத்தியல் இருந்தது. போனை வைத்த பிறகு அந்தத் தூணின் மிச்சத்தையும் தட்டி, எண்களை எழுதி முடித்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி வைத்த பன், உருளைக்கிழங்கு சாலட், ஐந்து வீட்டிலிருந்து வந்த இனிப்புத் துண்டுகள். டுவேன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அணியின் சறுக்குக் காட்சிகளில் படகு ஓட்டுபவர். அப்பாவோடு சேர்ந்து படித்தவர்.

"பிரிட்டா, உங்கப்பன்ட்ட பத்து வருஷமா படகு கேட்டேன். ஒரு புதன்கிழமை ஷோவுக்கு. ஒரே ஒரு ஷோ. என்ன சொல்வான் தெரியுமா? 'டுவேன், உன் டூத் பிரஷை எனக்குக் குடு, நான் படகு தர்றேன்'ம்பான்."

"தெரியும்."

"ரெண்டு வருஷம் அவனோட பேசாம இருந்தேன். ஊர்லயே நல்ல படகு அவன்ட்டதான் இருந்துச்சு. கஞ்சப்பய." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பெரிய கஞ்சப்பய."

அப்போதுதான் அம்மா எல்லோர் முன்னாலும் அதைச் சொன்னாள். "படகு கார்லாவுக்கு. வெர்லின் அவளுக்கு ஒண்ணு பார்த்துத் தர்றதா வாக்குக் குடுத்துட்டாரு. வீட்ல ஒண்ணு இருக்கும்போது வெளிய எதுக்குத் தேடணும்?"

கார்லா அழுதாள். எல்லோரும் அவளைத் தட்டிக்கொடுத்தார்கள். வெர்லினின் படகு என்றால் யாரும் பார்க்கக்கூடத் தேவையில்லை என்று யாரோ சொன்னார்கள்.

அடுத்த சனிக்கிழமை கார்லா வந்து எடுத்துப் போவதாகப் பேச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் கொட்டகைக்குப் போனேன். கொடுக்கும் முன்பு ஒருமுறை அவர் பார்ப்பதுபோலவே பார்த்துவிடலாம் என்றுதான். சந்தேகம் எதுவும் இல்லை.

1987-ஆம் வருடத்துப் படகு. எஞ்சின் குளிர்ந்திருந்தது, இரண்டாம் திருப்பில் எழுந்தது. பக்கவாட்டில் விரிசல் இல்லை. அடியில் படுத்துச் சுழலியைக் கையால் சுற்றினேன், தண்டு நேராக ஓடியது. டிரெய்லரின் சக்கரங்களுக்குப் புதுக் கிரீஸ். குறிக்க ஒன்றுமில்லை. திருப்புளியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு தரைக்கு வந்தேன்.

டக், டக், டக்.

இடது பக்கம், முன்வரிசைக்குப் பின்னால், என் ஒற்றைச் சறுக்குப் பலகையை மாட்டி வைக்கும் தாங்கி இருக்கிறது. பதின்மூன்று வயதில் நானே செய்தது. அப்பா மான் வேட்டைக்குப் போயிருந்த வாரத்தில், அவருக்குத் தெரியாமல், வரைபடம் போட்டு, அளந்து, நான்கு திருகாணிகளால் பொருத்தினேன். திரும்பி வந்து அப்பா குனிந்து வெகுநேரம் பார்த்தார். "நாலும் ஒரே கோட்டுல நிக்குதே!" என்றார். நான் பொறியாளர் ஆனது அன்றைக்குத்தான் என்று பின்னாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தாங்கிக்கு ஒரு கை தள்ளித் தட்டினேன். தொப்.

இன்னும் நெருங்கினேன். தொப். தொப்.

நான் தப்பாகத் தட்டியிருப்பேன் என்று நினைத்தேன். வருடத்துக்கு நாற்பது பாலம் தட்டுகிற கை. வலது பக்கம் போய்த் தட்டினேன். டக். திரும்பி இடது பக்கம் வந்தேன். தொப். முதல் திருகாணியில் திருப்புளியை வைத்துத் திருப்பினேன். சுற்றிக்கொண்டே இருந்தது, கவ்வவில்லை. விரலாலேயே வெளியே வந்தது. துளையிலிருந்து கறுப்பாக ஒரு சொட்டுத் தண்ணீர் எழுந்து நின்றது. அழுகிய இலை நாற்றம்.

எஞ்சின் பக்கம் ஊர்ந்து போனேன். எஞ்சினைப் பிடித்திருக்கும் போல்ட்களில் இடது முன்னது மட்டும் மற்ற மூன்றைவிடத் தடிமன். அதைச் சுற்றிக் கெட்டியாகப் பிசின் ஊற்றியிருந்தது. சுத்தமான வேலை. பக்கத்தில் பென்சிலால் ஒரு தேதி, பதினோரு வருடத்துக்கு முந்தைய ஜூன். அப்பாவின் கையெழுத்து.

பார்த்த ஒவ்வொரு படகுக்கும் ஒரு பக்கம் என்று அப்பா ஒரு கம்பிச்சுருள் நோட்டு வைத்திருந்தார். அது அவருடைய வண்டியின் முன்பெட்டியில் இருந்தது. அந்த வருடம், அந்த ஜூனைத் தேடினேன்.

"நம்முடையது. இடது சட்டம், முன்பாதி அழுகல். நான்கு திருகாணி, பசை இல்லை. பிரிட்டா வைத்தது. அவளிடம் சொல்ல வேண்டாம். இருபத்தெட்டு மைல் வேகத்துக்கு மேல் போகாதே. யாருக்கும் தராதே."

கொட்டகைக்குத் திரும்பி டிரெய்லரின் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். பதினோரு கோடைகள். ஒவ்வொரு வருடமும் நான் விடுமுறைக்கு வருவேன். இன்னும் வேகமாக இழுங்கள் என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவேன். அப்பா கையை ஆட்டி மறுப்பார். கிழவனாகிவிட்டீர்கள் என்று கரைக்கு வந்து கிண்டல் செய்வேன். டுவேன் கஞ்சன் என்பார். இரண்டையும் கேட்டுச் சிரித்துக்கொண்டே என் பலகையை வாங்கி அந்தத் தாங்கியில் மாட்டுவார்.

சொல்லாமலும் விடலாம். கார்லாவிடம் மெதுவாக ஓட்டச் சொல்லலாம். சொன்னால், ஊருக்கெல்லாம் படகு பார்த்த மனிதர் அழுகிய படகை வைத்திருந்தார் என்று ஆகும். ஏன் என்று கேட்பார்கள். கயிற்றின் முனையில் கார்லாவின் பெண்கள் இருப்பார்கள். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவளுக்கு ஒன்பது.

சனிக்கிழமை காலை கார்லா ஒன்பதுக்கே வந்துவிட்டாள். பத்து மணிக்குத்தான் வரச் சொல்லியிருந்தோம்.

"வெர்லின் மாதிரி வந்திருக்கேன் பாருங்க," என்று சிரித்தாள். அம்மாவும் ஏப்ரனோடு வெளியே வந்தாள்.

நான் எதுவும் விளக்கவில்லை. திருப்புளியை அவள் கையில் கொடுத்து, இங்கே தட்டு, இப்போது இங்கே என்றேன். தட்டினாள். டக். தொப். மறுபடி தட்டினாள்.

"உங்கப்பா பார்த்திருந்தா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பாரு?"

"சொல்லித்தான் வெச்சிருக்காரு." நோட்டைக் கொடுத்தேன்.

படித்தாள். மறுபடி முதலிலிருந்து படித்தாள். நோட்டை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கண்ணாடியைத் தேடி, கிடைக்காமல், கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தாள்.

"என்னது இது? எனக்குக்கூடச் சொல்லலையே!" அம்மா படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "பதினோரு வருஷம் ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, எனக்குக்கூடவா?"

"உங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே எனக்குப் போன் வந்திருக்கும்மா."

"வந்திருக்கும்," என்றாள் அம்மா. "ஆமா, வந்திருக்கும்."

கார்லா என் தோளைப் பிடித்தாள். "எனக்குச் சொல்லாம இருந்திருக்கலாமே நீங்க."

"உன் பொண்ணுங்க எவ்வளவு வேகம் கேப்பாங்கன்னு எனக்குத் தெரியும்."

படகை இழுத்துப் போகத் தன் வண்டியின் பின்னால் மாட்டியிருந்த கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது வீட்டுக்குள் போன் அடித்தது. நான் போய் எடுத்தேன்.

"பக்கத்து ஊர் மரக்கடையிலேருந்து பேசறேன். வெர்லின் இருக்காரா?"

"என்ன விஷயம்?"

"அவர் சொன்ன பலகை ரெண்டும் ரெண்டு வாரமா இங்கயே கிடக்கு. பதினாலு அடி, முடிச்சில்லாத டக்ளஸ் ஃபர் மரம். நானே பொறுக்கி எடுத்தேன். திங்கக்கிழமை வந்து சொல்லிட்டுப் போனாரு, வியாழன் வர்றேன்னாரு. ஆளையே காணோமே?"

அந்தத் திங்கட்கிழமை. நாங்கள் போய்வந்த சனிக்கிழமைக்கு இரண்டாம் நாள். அவருடைய கடைசி முழு நாள்.

"எதுக்குன்னு ஏதாவது சொன்னாரா?"

"ஒரு டீச்சரம்மாவுக்குப் படகு ரெடி பண்ணணுமாம். ஒண்ணு போதாதான்னு கேட்டேன். ஒரு பக்கச் சட்டத்தை மாத்தினா மறுபக்கமும் மாத்தணும், ஜூன்லேருந்து நமக்கு வேற வேலையே இல்லன்னு சிரிச்சாரு. நீங்க அவரு பொண்ணா? வரும்போது நீள டிரெய்லரா எடுத்துட்டு வரச் சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அப்பா இறந்ததை அந்த மனிதரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜன்னல் வழியே பார்த்தேன். கார்லா படகுக்குள் மண்டியிட்டு என் இரண்டாவது திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நனையாத இடத்துலதான் வெச்சிருக்கேன்," என்றது போன். "வேற யாரும் எடுத்துடக் கூடாதுன்னு முனையில சாக்பீஸ்ல எழுதியும் விட்டிருக்கேன்."

"என்னன்னு?"

"வெர்லின் ஓஸ்ட்பி, வியாழன் வருவார்."