நேரென்று நான் சொன்ன பாய்மரம்

நைலான் கயிறு எங்கள் குப்பத்துக்கு வராத காலம். எனக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பழவேற்காடு ஏரியில் என் வீட்டுக்காரர் ஓட்டிய படகில் பாய்மரத்தைப் பிடித்து நிறுத்தியது மூன்று மணிலா கயிறு. உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொன்று, முன்னால் ஒன்று. படகுக்குள் இருப்பவருக்கு மரத்தின் சாய்வு சரியாகத் தெரியாது. அதனால் வீட்டுப் பெண்தான் பின்னால் கரையில் நின்று, தூரத்துக் கலங்கரை விளக்கத்தோடு ஒத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் கயிற்றில் கட்டையைச் சொருகி முறுக்குவார், நான் கத்துவேன். எனக்கு அந்த வேலை பிடிக்கும். மனுஷன் என் பேச்சைத் தட்டாமல் கேட்டது அங்கே மட்டும்தான்.

அந்த முறை ஏரியின் வடகோடிக்கு ஒரு மாதம் மீன் பிடிக்கக் கிளம்பினார். போக வேண்டாமென்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தேன், மசியவில்லை. கிளம்பும் காலையில் மரம் வலப்பக்கம் நான்கு விரல் சாய்ந்திருந்தது. இடது கயிற்றை இன்னும் முறுக்க வேண்டும்.

"இன்னாமே, நேரா கீதா?"

"நேராத்தான் கீது."

படகு ஒரு பக்கமாக இழுக்கும், திரும்பி வந்து அவிழ்த்துக் கட்டுவார், அதற்குள் காற்று விழுந்துவிடும், இன்னும் ஒரு நாள் வீட்டில் இருப்பார் என்று நினைத்தேன். அவருக்கும் சேர்த்துச் சோறு வடித்தேன். வரவில்லை.

அந்த மாதம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஏக்கம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் கரைக்கு ஓடினேன்.

ஒருவழியாக வந்தார். மரம் அதே நான்கு விரல் சாய்ந்திருந்தது. இழுக்கிற படகைப் பிடித்துப் பிடித்துத் தோள் வீங்கியிருந்தது. எண்ணெய் காய்ச்சித் தேய்க்கும்போது அழுதுவிட்டேன்.

"நான் பொய் சொன்னேன்யா. அது கோணலாத்தான் இருந்துச்சி."

"தெரியும். பாதி ஏரி தாண்டறதுக்குள்ள தெரிஞ்சி போச்சி."

"அப்ப அவுத்துக் கட்டினா இன்னா?"

"நீ கடைசியா சொன்ன வார்த்த. அவுக்க மனசு வரல."

அவர் போய்ச் சேர்ந்து வெகு வருஷம் ஆகிறது. தெரிந்த உடனே படகைத் திருப்பியிருக்கலாம். அந்த முப்பது நாளை எனக்குத் திருப்பிக் கொடு என்று இப்போதும் அவரோடு சண்டை பிடிக்கத் தோன்றுகிறது.