காத்தாடி வைத்த கூலர்

சென்ற ஆடியில் நடந்தது இது. நாங்கள் புக்கிட் காத்திலில் குடியிருக்கிறோம். நான் பிறந்த தோட்டம் ஜாசின் பக்கம், நன்றாக உள்ளே தள்ளி இருக்கிறது. தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுவிட்டார்கள். மேட்டு உச்சியில் மாரியம்மன் கோயில் மட்டும் மிச்சம். கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சைக்குப் போகுமுன், பிழைத்து வந்தால் அந்த ஆத்தாளுக்குப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். பிழைத்தும் வந்தேன். ஆனால் மழையில் சேறாகிப்போன அந்த மேட்டில் நடக்கத் தெம்பில்லை. தையல் முழுதாக ஆறவில்லை. வண்டி குலுங்காமல் போனால் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

என் கணவரிடம் ஒரு பழைய பிக்கப் உண்டு. உயரம் தூக்கி, பெரிய டயர் மாட்டி, காடு மேடெல்லாம் ஏறுவதற்காகவே மாற்றி வைத்திருக்கிறார். எனக்கும் அதற்கும் ஆகாது. சக்களத்தி என்றுதான் கூப்பிடுவேன். முந்தைய வருடம் அதே மேட்டில் கியர்பாக்ஸ் சூடாகிப் பாதியில் நின்றுவிட்டது. அதனால் கியர் எண்ணெயைக் குளிர வைக்க ஒரு கூலர் மாட்டப்போகிறேன் என்றார்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் மனிதருக்குக் கூலர் பைத்தியம். சாப்பிடும்போதும் கைப்பேசியில் கூலர் படம்தான். பெரியதை வைத்தால் ரேடியேட்டருக்குப் போகும் காற்றை மறைக்குமாம், சின்னது பத்தாதாம். வேகமாகப் போனால் காற்று தானாக வரும், சாதாரணக் கூலரே போதும் என்று இவரோடு காடு மேடு ஏறும் கூட்டாளிகள் சொன்னார்கள். இவர் கேட்கவில்லை. செங் வட்டாரத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, தானே சுற்றிக் காற்றை இழுக்கும் காத்தாடி வைத்தது ஒன்றை வாங்கி வந்தார். என் கல்யாணப் புடவைக்குக்கூட இத்தனை கடை ஏறவில்லை. எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த கையோடு, காற்று படணும், அதுதான் முக்கியம் என்று பாடம் வேறு. எரிச்சல் எரிச்சலாக வந்தது.

திருவிழாவன்று காலை சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து வண்டிக்குப் பூசை போட்டோம். கூட்டாளிகள் ஆசையாக வந்து, முன்பக்கம் முழுக்க அம்மன் படம் போட்ட பேனரைக் கட்டினார்கள். அதன்மேல் வேப்பிலை, அதற்கும் மேல் கனமான சாமந்தி மாலை. பார்க்கத் தேர் மாதிரிதான் இருந்தது. பால்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மேடு வந்ததும் இவர் நத்தையாக உருட்டினார். பாதி தூரத்தில் சூடு காட்டும் முள் கிடுகிடுவென்று ஏறியது. நிறுத்தி இறங்கி, வண்டிக்கடியில் படுத்து எண்ணெய் ஒழுகுகிறதா என்று பார்த்தார். ஒழுகவில்லை. மேலே உடுக்கைச் சத்தம் கேட்டது. இவ்வளவு தூரம் வந்தும் திரும்ப வேண்டுமோ என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பின்னால் வந்த வண்டியிலிருந்து ஒரு கூட்டாளி இறங்கி வந்தான். "ஏண்ணே உருட்டுறீங்க? ஒரே மிதியா மிதிச்சு ஏறுங்க லா."

"மிதிச்சா இவ தையல் என்னாவுறது? மெதுவா ஏறுனா காத்து வராதுன்னுதானடா காத்தாடி வச்சதா தேடித் தேடி வாங்குனேன்," என்றார் இவர்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அத்தனை கடை ஏறியதும் எனக்காக.

குடத்தைக் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, இவர் தோளைப் பிடித்து இறங்கி முன்பக்கம் போனேன். எத்தனை முறை கேட்ட பாடம். கூலர் இருந்த இடத்தைப் பேனரும் மாலையும் இடைவெளியில்லாமல் மூடியிருந்தன.

"இப்படிப் போத்திவிட்டா காத்து எப்படிங்க படும்?" என்றேன்.

பூசை போட்ட மாலையைக் கோயில் சேருமுன் கழற்ற யாருக்கும் கை வரவில்லை. இவரும் தயங்கினார். வேண்டிக்கொண்டவள் நான், ஆத்தாளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று மாலையைக் கழற்றிப் பால்குடத்துக்குச் சுற்றினேன். பேனரை அவர்கள் அவிழ்த்தார்கள்.

எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருந்தோம். காத்தாடி உய்யென்று சுற்றியது, முள் மெல்ல இறங்கியது. மறுபடி நத்தையாகவே ஏறினோம். ஒரு சொட்டுப் பால் சிந்தவில்லை. கோயில் வாசலிலிருந்து சந்நிதி வரைக்கும் குடத்தைத் தலையில் வைத்து நடந்தேன். இவர் கை என் முதுகிலேயே இருந்தது.

சக்களத்தி என்று கூப்பிடுவதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் பசாருக்குப் போகும்போது அந்தக் காத்தாடிச் சத்தம் கேட்டால், பிரியத்தை வாயால் சொல்லத் தெரியாத மனிதர் அதைக் கடை கடையாகத் தேடி வாங்கி வண்டியில் மாட்டி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.