இருநூற்று ஐம்பத்தாறில் நின்றது

திருடவில்லை என்று ஒருவர் எப்படி நிரூபிப்பது? கடைகளுக்குக் கணினிகள் வந்திறங்கத் தொடங்கிய காலத்தில், அண்ணனின் பழுதுபார்ப்புக் கடையில் வேலை செய்த தங்கையிடம் வாழ்க்கை இந்தக் கேள்வியை வாடிக்கையாளர் முன்னால் வைத்துக் கேட்டது.

அச்சகக்காரரின் கணினியில் மெமரி சிப்களைப் பொருத்தியவள் அவள்தான். மெமரியை எண்ணும் எண்கள் திரையில் ஏறி அறுநூற்று நாற்பதில் நின்றதைப் பார்த்துவிட்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் காலை அச்சகக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எண்கள் இருநூற்று ஐம்பத்தாறைத் தாண்ட மறுத்தன.

“பாதிக்கு மேல காணோமே, தம்பி. கால் முளைச்சு நடந்து போச்சா?”

சிப் தங்கமாய் விற்ற நேரம். அண்ணன் தங்கையைப் பார்த்தான்.

“உன் கைப்பையைக் கொட்டு.”

“என்ன சொன்னே?”

“கொட்டும்மா. அவருக்குத் தெரியட்டும்.”

“அவருக்கா, உனக்கா?”

கொட்டினாள். சீப்பு, சாவி, தலைவலி மாத்திரை, பாதி தின்ற பிஸ்கட். அவளுக்குக் காது மடல்வரை கொதித்தது. எதையும் திரும்ப அள்ளாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பெட்டியைத் திறந்தாள். வரிசை வரிசையாகச் சிப்கள், ஒன்றுகூடக் குறையவில்லை.

“இதைத் திறந்து பாக்கத் தோணல. என் பையைத் திறக்கத் தோணுச்சு, இல்ல?”

அந்தக் காலத்துக் கணினி தன்னிடம் எவ்வளவு மெமரி இருக்கிறது என்று தானாகத் தேடாது. உள்ளே இருக்கும் குட்டி சுவிட்சுகள் சொல்வதை அப்படியே நம்பிவிடும். அண்ணனும் அதே ரகம். மெமரிக்கான சுவிட்சுகள் இரண்டும் தப்பான பக்கம் தள்ளிக் கிடந்தன, அவற்றை ஒட்டினாற்போல் திரைக்கான இரண்டு. நாலிலும் பேனா முனையால் தள்ளிய பச்சை மைத் தடம். நேற்று அவள் போன பிறகு கலர் திரையை மாட்டியவன் அண்ணன். பச்சைப் பேனாவும் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

சுவிட்சுகளைச் சரிசெய்து மின்சாரம் கொடுத்தாள். எண்கள் அறுநூற்று நாற்பதுவரை ஏறின.

“அப்போ என்னதான்மா கோளாறு?” என்றார் அச்சகக்காரர்.

அண்ணன் சட்டைப்பையைக் கையால் மூடிக்கொண்டான். அவள் அதையும் பார்த்தாள். கோபம் இம்மியும் இறங்கவில்லை.

“சுவிட்சைத் தப்பா வெச்சுட்டேன். என் தப்புதான்” என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அண்ணன் அன்று மாலை கேட்டான். வெகுகாலம் கழித்துக் கடையை ஒரேயடியாக மூடிய அன்றும் கேட்டான். இரண்டு முறையும் அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.