ரேடியேட்டரில் வெறும் தண்ணீரோடு கோரிமேடு வரை

சென்ற செவ்வாய்க்கிழமை காலை நான் அரிசி களைந்துகொண்டிருந்தபோது, எங்கள் பால் பண்ணையின் பழைய ஊழியர்களுக்கான வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. தனலட்சுமி காலமாகிவிட்டாள். அவளுடைய அண்ணன் மகன் போட்டிருந்தான். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே முடிந்துவிட்டது என்று இரண்டு வரி.

அந்தக் குழுவில் இருக்கும் உங்களில் பலர் உடனே அழுதிருப்பீர்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் வேறொன்று வந்தது. ‘இனி அது யாருக்கும் தெரியாது’ என்று மனம் சொன்னது. அப்படி நினைத்தது நான்தானா என்று பயந்துபோனேன். அந்தப் பயம் இன்னும் விடவில்லை. இதை எழுதுவதற்குக் காரணமும் அதுதான்.

தனத்தோடு பண்ணையின் பால் பரிசோதனைக் கூடத்தில் பதினேழு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசையில் வேலை பார்த்தேன். அவளுடைய அப்பா மில் தொழிலாளி. மில் மூடியபின் அந்தக் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியது இவள் சம்பளம். ஒருமுறை ஒரு வண்டிப் பால் லேசாகப் புளித்திருந்தது. மேலதிகாரி, “பரவால்ல, நல்லாருக்குன்னு எழுதும்மா” என்றார். தனம் பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். “புளிப்புன்னு எழுதிட்டேன் சார். அடிக்கணும்னா நீங்களே அடிச்சு, பக்கத்துல கையெழுத்துப் போட்டுடுங்க.” அவர் அடிக்கவில்லை. வண்டி திரும்பிப் போனது. பொய்யாக ஒரு எழுத்து எழுதாதவள் என்று அவளைப் பற்றி நீங்கள் எல்லோரும் சொல்வது சரி. அவள் சொன்ன ஒரே ஒரு பொய் எனக்குத் தெரியும். எனக்காகச் சொன்னது.

அவளிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது நினைவிருக்கும். மூன்று கை மாறி அவளிடம் வந்தது. அதன் சின்னச் சின்ன வேலைகளைப் போனில் வீடியோ பார்த்து அவளே கற்றுக்கொண்டாள். பாண்டிச்சேரி நெல்லித்தோப்பில் அவள் இருந்தது மாடி போர்ஷன். வண்டி வேலை செய்ய இடமில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கவாட்டில் சிமென்ட் போட்ட இடமும் குழாயும் உண்டு. அதனால் வீராம்பட்டினம் தேருக்கு விடுமுறை விட்ட ஒரு வெள்ளிக்கிழமை காலையில் காரோடு வந்து நின்றாள்.

“சூடு காட்டுற முள்ளு மேல மேல ஏறுது சுமதி. ரேடியேட்டர் பூரா துரு. இன்னிக்குக் கழுவிடறேன்” என்றாள்.

என் கணவர் காரைக்காலில் வேலையில் இருந்தார். வீட்டில் நானும் மாமனாரும்தான். அவருக்கு எழுபத்தெட்டு வயது. ஞாபகம் தப்பிப் போக ஆரம்பித்திருந்தது. பார்த்துக்கொள்ள வேண்டியவள் நான்.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, அடியில் இருந்த திருகைக் கழற்றினாள். டீ டிகாக்‌ஷன் போலப் பழுப்பாகத் தண்ணீர் கொட்டியது. குழாயை மாட்டித் திரும்பத் திரும்ப அலசினோம். கீழே இருந்த ரப்பர் ஹோஸையும் கழற்றி எதிர்ப்பக்கமாகத் தண்ணீர் விட்டாள். பழுப்பு மஞ்சளாகி, மஞ்சள் வெளுத்து, கடைசியில் தெளிந்த தண்ணீர் வந்தபோது இரண்டு பேரும் சிறுபிள்ளைகள் மாதிரி கைதட்டினோம்.

எஞ்சின் சூட்டைத் தணிக்கும் புதுக் கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னாள். ஒரு வாளியில் கலந்தேன். பச்சைப் பசேலென்று அழகாக இருந்தது. வாளி அவளுக்கு வேண்டியிருந்ததால், கலந்ததில் கேனில் கொண்டது போக மீதியை ஒரு காலி ஜூஸ் பாட்டிலில் ஊற்றிச் சமையலறை ஜன்னல் மேடையில் வைத்தேன். வைத்தது நான். அவள் அப்போது காருக்கு அடியில் இருந்தாள். அவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் மாமனார் பாட்டிலோடு வாசற்படிக்கு வந்தார். “சுமதி, ஜூஸ் தித்திப்பா நல்லாதான் இருக்குது. ஐஸ்தான் போடல” என்றார்.

பாட்டிலில் பாதி இல்லை.

பாட்டிலைப் பிடுங்கினேன். தனம் அடியிலிருந்து வெளியே வந்து பாட்டிலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அது விஷம் சுமதி. கிட்னிய அடிச்சிடும். மணி என்ன?” என்றாள். பதினொன்றே கால்.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தோம். கடலூர் சாலை முழுக்கத் தேர்க் கூட்டம், சுற்றிக்கொண்டுதான் வர முடியும் என்றார்கள். தெருவில் ஓர் ஆட்டோகூட இல்லை. எல்லாம் தேருக்குப் போயிருந்தன. தனம் கழற்றிய திருகையும் ஹோஸையும் மாட்டினாள். கிளிப்பை முழுதாக இறுக்க நேரமில்லை. ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடினாள். “ஐயாவப் பின்னாடி ஏத்து. அந்த பாட்டிலயும் கேனையும் எடுத்துக்க. டாக்டருக்குக் காட்டணும்.”

சந்து சந்தாக வண்டியை விட்டாள். ரயில்வே கேட்டைத் தாண்டுவதற்குள் முள் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. “உள்ள காத்து நிக்குது. தண்ணி சுத்தல” என்று சொல்லிக்கொண்டே ஹீட்டரை முழு வேகத்தில் திருப்பினாள். எஞ்சின் சூட்டை வெளியே இழுக்க அதுதான் வழியாம். ஆடி வெயிலில், ஜன்னல்களைத் திறந்து வைத்தும், நெருப்புக் காற்று முகத்தில் அடித்தது. மாமனாருக்குக் கண் செருகியது. குடித்தவர் போல நாக்குக் குழறியது. “தேருக்கா போறோம்?” என்று கேட்டார். “ஆமா மாமா, தூங்காதீங்க” என்று அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பாதி வழியில் முள் சிவப்பைத் தொட்டது. பானெட் ஓரத்தில் ஆவி. ஒரு மர நிழலில் எஞ்சினை அணைத்தாள். நான் இறங்கி ஓடிப்போய்ப் பானெட்டைத் தூக்கினேன். மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும் என்று தோன்றியது. “தொடாதேடி! தொறந்தா கொதிக்கிற தண்ணி மூஞ்சில அடிக்கும்!” என்று கத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள். அப்போது வந்துபோன வண்டிகளுக்கெல்லாம் கை காட்டினோம். ஒன்றும் நிற்கவில்லை. மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ. என் வாழ்க்கையில் அதைவிட நீளமான நேரத்தை நான் பார்த்ததில்லை. முள் கொஞ்சம் இறங்கியதும் மறுபடி சாவியைத் திருப்பினாள். அப்படியே கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் எஞ்சின் தானாக நின்றுபோனது.

டாக்டரிடம் கேனின் லேபிளைக் காட்டி, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று பரிசோதனைக் கூடத்தில் சொல்வதுபோல் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். குழாய் வழியாக மருந்தாகச் சாராயம் கொடுத்தார்கள். அந்த விஷத்துக்கு அதுதான் முறிவாம். பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்து அதுவரை ஒரு சொட்டும் தொடாத மனிதர். அன்றே டயாலிசிஸ். இன்னும் ஒரு மணி நேரம் கழிந்திருந்தாலும், என்ன குடித்தார் என்று தெரியாமல் போயிருந்தாலும் கஷ்டம் என்றார் டாக்டர்.

மாலையில் என் நாத்தனார் கலா ஓடி வந்தாள். “ஜூஸ் பாட்டில்ல வெஷத்த எவ வெச்சது?” என்று வார்டு வாசலில் நின்று கத்தினாள். நான் கையிலிருந்த மருந்துச் சீட்டை மடித்தேன்.

“நான்தான் வெச்சேன்” என்றாள் தனம்.

கலா அவளைப் பேசாத பேச்சில்லை. நான் பக்கத்தில் நின்றேன்.

பிறகு கார் நின்ற இடத்துக்குத் தேடிப் போனேன். தனம் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் இரண்டும் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தன. கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை. “ஏண்டி அப்டி சொன்ன?” என்று கேட்டேன். “நீ அந்த வீட்டுல இருக்கணும். நான் காரை எடுத்துக்கிட்டுப் போயிடுவேன்” என்றாள். அப்புறம், “எனக்குப் பயமே இல்லன்னு நெனச்சியா? கிளம்பும்போதே கால் இப்படித்தான் ஆடுச்சு. கிளட்ச்சு மிதிக்கவே வரல” என்றாள்.

மாமனார் பிழைத்து வீட்டுக்கு வந்தார். இரண்டு வருடம் இருந்தார். அவர் வயோதிகத்தில் இறந்தபோது தனம் மாலையோடு வந்தாள். கலா வாசலிலேயே மறித்து, “நீங்க உள்ள வர வேணாம்” என்றாள். தனம் மாலையைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றும் நான் உள்ளேதான் நின்றேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். புகுந்த வீடு என்னை என்ன செய்யுமோ என்று பயந்தேன். மறுநாள் வேலையில் அவள் எப்போதும்போல், “சாப்டியா?” என்று கேட்டாள். அதற்கப்புறம் ஒருநாளும் அவள் அதைப் பேசவில்லை. நானும் பேசவில்லை.

தனத்தின் நினைவு மலரில் அச்சிட இதைக் கொடுக்கும் முன் என் கணவரிடம் சொன்னேன். அவர், “கலாகிட்ட நீயே சொல்லு” என்றார். நேற்று போன் செய்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவங்க வீட்டுல இப்ப யார் இருக்காங்க அண்ணி?” என்று கேட்டாள். அழுதுகொண்டிருந்தாள். “கருமாதிக்கு முன்னாடி போவணும். என்னக் கூட்டிட்டுப் போறியா?”

நாளைக் காலை இரண்டு பேரும் நெல்லித்தோப்புக்குப் போகிறோம். அவளுடைய அண்ணன் குடும்பத்தின் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை. மிகவும் பயமாக இருக்கிறது. தனத்திடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது ஒன்றுதான்: பயம் தீரட்டும் என்று காத்திராமல், பயந்துகொண்டே கிளம்புவது.