கட்டம் போடும் மேடம்

கொரோனா சமயத்தில் நான் ஆஸ்பத்திரி லேபில் அட்டெண்டர். அங்கே ஒல்லியாக ஒரு மேடம் இருந்தார். மேஜையோ டீ கிளாஸோ, எது கிடைத்தாலும் மார்க்கரால் கட்டம் போடுவார்.

டெஸ்ட் கிட் தட்டுப்பாடு. லேப் ஆட்கள் எல்லோருடைய சளி டியூபையும் மேடம் கட்டத்தில் அடுக்கினார். குறுக்கு வரிசைக்கு ஒரு டெஸ்ட், நெடுக்கு வரிசைக்கு ஒன்று, அந்தந்த வரிசை டியூப்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துக் கலந்து.

“கலந்துட்டா யாருதுன்னு எப்படி மேடம் தெரியும்?”

“ரெண்டு வீதி ஒரு முனையிலதானண்ணே சேரும்?”

என் குறுக்கு வரிசையில் நோய் காட்டியது. வீட்டில் கைக்குழந்தை. நெடுக்கில் ஒரே வரிசையில்தான் நோய். அது என்னுடையது இல்லை. இரண்டும் சேர்ந்த இடத்தில் மேடத்தின் டியூப் இருந்தது.

“நீங்க வூட்டுக்குப் போங்கண்ணே” என்றார். பிறகு, “கணக்கு சரியா வந்துடுச்சு பாத்தீங்களா?” என்றார்.

சந்தோஷமாகத்தான் சொன்னார்.