முதுகைத் துளைக்காத வைத்தியம்

இடது சிறுநீரகத்தில் இரண்டரை சென்டிமீட்டர் கல்லை வைத்துக்கொண்டு, ஏழு வாரம் நான் வைத்தியம் பார்க்கவில்லை; அட்டவணை போட்டேன். துறைமுகத்தில் சரக்குக்குச் சுங்க அனுமதி வாங்கித்தரும் கிளியரிங் ஏஜென்ட் நான். மூன்று யோசனைகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஒரு கன்டெய்னரைக்கூட நகர்த்தாதவன், சொந்தக் கல்லை விடுவேனா?

முதல் வழி, வெளியிலிருந்து அதிர்வலை. கத்தி இல்லை, குழாய் இல்லை. கல் உள்ளேயே நொறுங்கித் தானாக வெளியேறும். இரண்டாவது, சிறுநீர் வரும் பாதையிலேயே மெல்லிய குழாயை மேலேற்றி லேசரால் பொடியாக்குவது. அந்தப் பாதையில் எதிர்த்திசைப் போக்குவரத்துக்கு என் மனம் ஒப்பவில்லை. மூன்றாவது, முதுகில் சின்னத் துளை போட்டு, கல்லை உடைத்து, துண்டுகளைக் கையோடு வெளியே எடுப்பது. துளை என்ற சொல்லுக்கே பத்து மதிப்பெண் குறைத்தேன். அதிர்வலைக்கு முதலிடம். பயத்துக்குக் கட்டம் கட்டினால் ஆராய்ச்சி மாதிரியே இருக்கிறது.

டாக்டர் சாத்தான்குளத்துக்காரர், என்னைவிட இளையவர். என் அட்டவணையைப் பொறுமையாகப் படித்துவிட்டு ஸ்கேனைக் காட்டினார். கல் அடைத்து, நீர் தேங்கி, சிறுநீரகம் வீங்கத் தொடங்கியிருந்தது.

"இன்னும் தள்ளிப்போட்டா கிட்னியே போயிரும், அண்ணாச்சி. சின்னக் கல்லுன்னா அலை வச்சு ஒடைக்கலாம். இது பெருசு, கெட்டி. ஒடஞ்ச துண்டெல்லாம் எந்த வழியா வரும்?"

"சிறுநீர்க்குழாய் வழியாத்தான்."

"ஹார்பர்ல ஒரே ஒரு கேட்டைத் தெறந்துவச்சு, நூறு லாரிய ஒண்ணா விட்டா என்னாவும்?"

லாரி வரிசை ஊரைத் தாண்டி மாப்பிள்ளையூரணி வரைக்கும் நிற்கும். அந்த வரிசையில் நானே வெந்திருக்கிறேன்.

"அப்போ லேசர்?"

"செய்யலாம். ஆனா இந்த சைஸுக்கு ரெண்டு தடவ உள்ள போக வேண்டியிருக்கும்."

எதிர்த்திசையில், இரண்டு தடவை! மூன்றாவது வழிக்குக் கையெழுத்துப் போட்டேன்.

அறுவை முடிந்து இரண்டாம் நாள் ஸ்கேனில் கல் இல்லை. வீக்கமும் வடியத் தொடங்கியிருந்தது. முதுகில் ஒரு சின்னக் கட்டு, அவ்வளவுதான். அதை மாற்ற வந்தவர், என்னை ஆபரேஷன் தியேட்டருக்குள் அழைத்துப்போன அதே பெரியதாழைக்கார நர்ஸ். ஏழு வார வல்லுநரின் மிடுக்கோடு அவரிடம் சொன்னேன்:

"பயப்படாம, நல்லா யோசிச்சு முடிவெடுத்தா இப்படித்தான், எல்லாம் சரியா வரும்."

"நீங்களா எடுத்தீய?" என்றார் அவர், பிளாஸ்திரியைக் கிழித்தபடி. "மயக்க ஊசி போடுத வரைக்கும், அலை வச்சே ஒடச்சிருங்கன்னு என் கையப் பிடிச்சிக்கிட்டு அழுதீயளே, அண்ணாச்சி."