இருபதாயிரம் கோழியும் ஒரு இளைப்பும்

மோகனூர் ரோட்டில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் ஜெகதீஸ்வரனுக்குத் தன் காதைப் பற்றி ரொம்பப் பெருமை. இருபதாயிரம் கோழிகளுக்கு நடுவே ஒன்றுக்குச் சளி பிடித்துத் தொண்டை கறகறத்தாலும், எந்த வரிசை, எத்தனையாவது கூண்டு என்று சொல்லிவிடுவார். மார்கழி பிறந்துவிட்டால் ஷெட்டைச் சுற்றிப் படுதா இறக்கி, ஒரு கோழியின் மேலும் பனிக்காற்று படாமல் பார்த்துக்கொள்வார். அதே பனியில் அவர் மட்டும் விடியற்காலை ஐந்து மணிக்குக் கையில்லாத பனியனோடு ஓடக் கிளம்பிவிடுவார்.

ஓட்டப் பைத்தியம் நாற்பத்தெட்டு வயதில் பிடித்தது. மூச்சிளைப்பு அதற்கு ரொம்ப மூத்தது, பள்ளிக்கூட நாளிலிருந்தே கூட வருகிறது. போன தை மாதம் நாமக்கல்லில் நடந்த பத்து கிலோமீட்டர் ஓட்டத்தில், ஆறாவது கிலோமீட்டரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார். பின்னால் ஓடிவந்த மைத்துனன் சரவணக்குமார், "மாமா, ஆட்டோ புடிக்கட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத் தாண்டிப் போனான். அந்தக் கேள்வி அவருக்கு இன்னும் செரிக்கவில்லை. வருகிற தையில் பத்து கிலோமீட்டரையும் முடித்தே ஆகவேண்டும் என்று வைராக்கியமாக இருந்தார்.

டாக்டர் இரண்டு இன்ஹேலர் கொடுத்திருந்தார். ஒன்று தினமும் காலையும் மாலையும், இன்னொன்று ஓடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால். பழகிவிட்டால் அப்புறம் விடவே முடியாது என்பது ஜெகதீஸ்வரனின் கட்சி. ஆகவே இரண்டும் தீவன அறையில், மக்காச்சோள மூட்டைக்குப் பின்னால் பத்திரமாக இருந்தன. மனைவி வசந்தாமணி கேட்டால், "இப்பத்தான் இழுத்தேன்" என்று கூசாமல் சொல்வார். கோழிக்குத் தடுப்பூசி ஒருநாள் தள்ளிப்போனால் ஊரைக் கூட்டுகிற மனுஷனும் இவர்தான்.

மார்கழி பாதியில் ஒருநாள் ஓடி முடித்து, வேர்வையோடு நேராக ஷெட்டுக்குள் நுழைந்தார். மெல்லிசாக ஒரு கறகறப்பு கேட்டது. முதல் வரிசையில் நின்றார், கேட்டது. மூன்றாவது வரிசைக்குப் போனார், அங்கேயும் கேட்டது. கடைசி வரிசையில் இன்னும் பலமாகக் கேட்டது. உடனே கால்நடை மருத்துவர் மதுமதிக்குப் போன் போட்டார்.

மதுமதி வந்து சேர்வதற்குள் அவர் ஷெட்டைப் பத்து முறை சுற்றியிருந்தார், சத்தமும் கூடியிருந்தது. மதுமதி கூண்டு கூண்டாகப் பார்த்தார். நாலைந்து கோழிகளை வெளியே எடுத்து மூக்கையும் கண்ணையும் சோதித்தார்.

"கோழியெல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்ணா."

"சத்தம் கேக்குதல்ல, அம்மணி?"

"கேக்குதுங்ணா. ஒரு நிமிசம் மூச்ச அடக்குங்க."

அடக்கினார். கறகறப்பு நின்றது. விட்டார், திரும்ப வந்தது. மதுமதி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

காபியோடு வந்து வாசலில் நின்ற வசந்தாமணிக்குச் சிரிப்பு வரவில்லை. "இருவதாயிரம் உசுருக்குப் படுதா கட்டறீங்க. எனக்கு இருக்கறது ஒண்ணே ஒண்ணுதானுங்க" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. ஜெகதீஸ்வரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. நேராகத் தீவன அறைக்குப் போய், மூட்டைக்குப் பின்னால் இருந்த இரண்டையும் எடுத்து வந்து அவள் கையில் கொடுத்தார்.

அன்றிலிருந்து மருந்து அவள் கண் முன்னால்தான். வெயில் ஏறிய பிறகுதான் ஓட்டம், அதுவும் முதல் கால் மணி நேரம் நடை. மூக்கையும் வாயையும் மூடித் துண்டு கட்டினார். திருடன் மாதிரி இருக்கிறது என்று முணுமுணுத்தார், ஆனால் அவிழ்க்கவில்லை.

தை ஓட்டத்தில் ஆறாவது கிலோமீட்டரை ஜம்மென்று தாண்டினார். எட்டாவதில் அந்தச் சத்தம் கேட்டது. இந்தத் தடவை அவர் கோழியைத் தேடவில்லை. எல்லோரும் பார்க்க ரோட்டோரம் நின்று, இடுப்புப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து இழுத்தார். சரவணக்குமார் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தான்.

"நீ போ மாப்ள, நான் வாரேன்" என்றார்.

மூச்சு அடங்கும்வரை நின்றார், கொஞ்ச தூரம் நடந்தார், பிறகு ஓடினார். கடைசியாக வந்த பத்துப் பேரில் ஒருவராகத்தான் முடித்தார். கழுத்தில் தொங்கிய மெடலை வசந்தாமணி ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அத்தனை கூட்டத்திலும் கூச்சப்படாமல் அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டாள்.

"சத்தத்தையே காணோமுங்க" என்றாள்.

தன்னுடையதைவிட நல்ல காது நாமக்கல்லில் ஒன்று இருப்பதை ஜெகதீஸ்வரன் அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டார்.